நிமிடத்துக்கு நூறு அடி

கண்டியில் தபால் பொதிகளைத் திறந்து பரிசோதிக்கும் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த உத்தியோகத்தர், எனக்கு வந்திருந்த சின்னப் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த தாளை இரண்டு தரம் வாசித்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டார்.

“மணிக்கூடா?”

“ஒரு வகையில் மணிக்கூடுதான்,” என்றேன் என் அரைகுறைச் சிங்களத்தில்.

பெட்டியைத் திறந்தார். உள்ளே விரல் நீளத்தில் ஓர் அலுமினியத் தகடு. அதில் ஒரு திருகு, தீப்பெட்டியில் பாதி அளவு திரை, கீழே வரிசையாகச் சில துளைகள். தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“முள் எங்கே?”

“முள் இல்லை.”

“நேரம் காட்டுமா?”

“காட்டாது.”

“அலாரமாவது அடிக்குமா?”

“அதுவும் இல்லை.”

அவர் முகத்தில் உண்மையான இரக்கம் தெரிந்தது. “நோனாவை யாரோ நன்றாக ஏமாற்றிவிட்டார்கள்,” என்று என்னைப் பார்த்துச் சொல்லி, முத்திரையைக் குத்திப் பெட்டியைத் தந்தார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கருவியின் பெயரிலேயே கிளொக் என்ற சொல் இருந்தது. மொடியூலர் சிந்தசைசர் என்பது தனித்தனித் துண்டுகளாக வாங்கி, ஒரு பெட்டிக்குள் பொருத்தி, வயர்களால் இணைத்து ஒலி உண்டாக்கும் வாத்தியம். ஒரு துண்டு ஒலியைத் தரும், இன்னொன்று அதை வெட்டும், மற்றொன்று எதிரொலி சேர்க்கும். இவை எல்லாவற்றுக்கும் “இப்போது, இப்போது, இப்போது” என்று மின்துடிப்பு அனுப்பிக்கொண்டிருப்பதுதான் கிளொக்கின் வேலை. நிமிடத்துக்கு எத்தனை “இப்போது” என்பதை மட்டும் நாம் அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

நான் பிசியோதெரபிஸ்ட். பிறந்து வளர்ந்தது யாழ்ப்பாணம். கலியாணம் முடித்து வந்தது இந்தப் பக்கம். வேலை கண்டி நகரில், வீடு குண்டசாலையில். ஊரடங்கு நாட்களில் எல்லோரும் மா பிசைந்து பாண் சுடப் பழகியபோது நான் இந்த வயர்ப்பெட்டியில் விழுந்தேன். வருடத்துக்கு ஒன்றிரண்டு துண்டு சேரும். என் கணவர் மலைநாட்டுக்காரர், நீர் வழங்கலில் இஞ்சினியர். என் இசையைப் பற்றி அவருக்கு ஒரு நிலையான அபிப்பிராயம் உண்டு.

“வாஷிங் மெஷினுக்குக் காய்ச்சல் வந்த மாதிரி இருக்குங்க,” என்பார். ஆனால் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்.

கிளொக் வந்த நாள் பின்னேரம் அதைப் பெட்டியில் பொருத்தினேன். திருகை மெல்லத் திருப்பினால் எண் ஒவ்வொன்றாகக் கூடும். வேகமாகத் திருப்பினால் பத்துப் பத்தாகப் பாயும். ஒரு தரம் அழுத்தினால் ஓடும், மறுபடி அழுத்தினால் நிற்கும். அழுத்திப் பிடித்தால் உள்ளே பக்கம் பக்கமாக அமைப்புகள் வரும். நான் நூற்றிருபது என்று வைத்து, முதல் துளையிலிருந்து வயரை மேளச் சத்தம் தரும் துண்டுக்குக் கொடுத்தேன்.

டும் என்றது. பிறகு யோசித்தது. பிறகு இன்னொரு டும்.

நிமிடத்துக்கு நூற்றிருபது அடி என்றால் ஒரு செக்கனுக்கு இரண்டு. இதுவோ செத்த வீட்டு மேளத்தைவிட மெதுவாகப் போனது. நிறுத்தி ஓட்டினேன். வேறு வயர் போட்டேன். மின்சாரத்தை அணைத்துப் போட்டேன். ஒரு மணித்தியாலம் போனது. கடைசியில், பழுதான சாமானை அனுப்பிவிட்டீர்கள் என்று செய்தவருக்கு ஒரு கோபமான மின்னஞ்சல் எழுதத் தொடங்கினேன். மூன்றாவது பந்தியில் இருந்தபோது கணவர் தேத்தண்ணீரோடு வந்து, கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுத் திரையைக் கிட்டப் பார்த்தார்.

“இங்க மூலையில சின்னதா ஒரு கோடும் நாலும் இருக்கே, அது என்னங்க?”

அது வகுத்தல் அடையாளம். ஒவ்வொரு துளைக்கும் தனித்தனியாக வேகத்தைப் பெருக்கலாம், வகுக்கலாம். முதல் துளை தொழிற்சாலையிலிருந்தே நான்கால் வகுத்தபடி வந்திருந்தது. நூற்றிருபதை நான்கால் வகுத்தால் முப்பது. மேளம் சரியாகத்தான் அடித்திருக்கிறது. மின்னஞ்சலை அழித்துவிட்டு அவருக்கு இரண்டு பிஸ்கட் கூடுதலாகக் கொடுத்தேன்.

இந்த நேரத்தில்தான் டீச்சர் எங்கள் நிலையத்துக்கு வந்தார்.

கம்பளைக்காரர், முஸ்லிம், வயது அறுபத்தாறு. ஒரு பெண்கள் பாடசாலையில் முப்பது வருடம் விளையாட்டு ஆசிரியை. மாணவிகளை இல்லங்களாகப் பிரித்து நடத்தும் இல்ல விளையாட்டுப் போட்டிகளின் அணிவகுப்பு முழுக்க அவர் கையில்தான் இருந்ததாம். இப்போது பார்க்கின்சன் நோய். நரம்பியல் வைத்தியர் நடைப் பயிற்சிக்கென்று அனுப்பியிருந்தார். கூட வந்தவர் அவர் கணவர், ஓய்வுபெற்ற ரயில் கார்ட். மிக அமைதியான மனிதர். மனைவி நடக்கும்போது இரண்டு அடி பின்னால் நடப்பார். அவர் நின்றால் இவரும் நிற்பார்.

டீச்சருக்குப் பெரிய கரைச்சல் நடுக்கம் அல்ல. நடந்துகொண்டிருக்கும்போதே கால் திடீரென்று நிலத்தில் ஒட்டிவிடும். அதிலும் வாசல்களில். எங்கள் அறை வாசலிலேயே அன்று அது நடந்தது. உடம்பு முன்னால் போகப் பார்க்கிறது, பாதங்கள் அசைய மறுக்கின்றன.

“பாருங்க மகள்,” என்றார் வாசல் நிலையைப் பிடித்தபடி. “முப்பது வருசம் பிள்ளைகள நட நடண்டு ஏசினேன். இப்ப என்ட காலே என்ட பேச்சக் கேக்குதில்ல.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கலாமா என்று தெரியாமல் நின்றேன். “சிரிங்க, சிரிங்க,” என்றார். “இவரு சிரிக்க மாட்டாரு, நீங்களாவது சிரிங்க.”

இந்த நோயில் சிலருக்கு ஒரே சீரான தாளத்தைக் கேட்டுக்கொண்டு நடந்தால் கால் இலகுவாக எழும்பும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்தது. முதலில் அவர் தன்பாட்டில் நடப்பதை எண்ணினேன். நிமிடத்துக்கு எண்பத்தெட்டு அடி. என் ஃபோனில் இருந்த தாளக் கருவியை எண்பத்தெட்டில் வைத்து மேசையில் வைத்தேன். டிக், டிக், டிக். டீச்சர் நாலு அடி நடந்தார். பிறகு நின்று ஃபோனை முறைத்தார்.

“என்ன மகள் இது, த்ரீவீலர்காரன் சிக்னலப் போட்டுட்டு அணைக்க மறந்த மாதிரி ஈக்கி?” இருக்கு என்பது டீச்சர் வாயில் ஈக்கி என்றுதான் வரும்.

“வேற சத்தம் வேணுமா டீச்சர்?”

“மேளம் வேணும். லெப்டுக்குப் பெரிய மேளம், ரைட்டுக்குச் சின்ன மேளம். அப்பதான் கால் எதுண்டு காலுக்கே தெரியும்.”

ஃபோனில் அப்படி ஒன்றைத் தேடியிருந்தால் கிடைத்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பஸ்ஸில் குண்டசாலைக்குத் திரும்பும் வழியெல்லாம் என் தலைக்குள் வயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. இத்தனை வருடத்தில் என் பெட்டியிடம் யாரும் ஒரு வேலை சொன்னதில்லை.

அன்றே உட்கார்ந்தேன். கிளொக் எண்பத்தெட்டு. முதல் துளையை இரண்டால் வகுத்து கனத்த மேளத்துக்குக் கொடுத்தேன். அது இடது கால். இரண்டாவது துளையையும் இரண்டால் வகுத்து மெல்லிய மேளத்துக்குக் கொடுத்தேன். அது வலது கால். ஒலியைச் செதுக்கவே நேரம் எல்லாம் போய்விட்டது. பெரிய மேளம் வயிற்றில் விழ வேண்டும், ஆனால் திடுக்கிட வைக்கக்கூடாது. சரியாக வந்ததும் சேமித்துவிட்டு, அடுத்த செவ்வாய்க்கிழமை பெட்டியைப் பிரயாணப் பையில் போட்டு நிலையத்துக்குக் கொண்டுபோனேன்.

டீச்சர் தயாராக நின்றார். நான் திருகை அழுத்தினேன். இரண்டு மேளமும் ஒன்றாக விழுந்தன. பிறகு இடைவெளி. மறுபடி இரண்டும் ஒன்றாக.

டீச்சர் தன் இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்தார். “இது மனிசருக்குப் போட்டதா, தவளைக்குப் போட்டதா?”

கார்ட் ஐயா சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தரம்.

இரண்டு துளையையும் ஒரே அளவால் வகுத்தேனே தவிர, இரண்டாவதைப் பாதி தூரம் தள்ளி வைக்க மறந்துவிட்டேன். தனித்தனியாகச் சத்தத்தைச் செதுக்கிய மும்முரத்தில் இரண்டையும் சேர்த்து ஓட்டிப் பார்க்கவே இல்லை. அமைப்புகளுக்குள் போய், இரண்டாவது துளையை ஐம்பது வீதம் பின்தள்ளினேன். டும், தக். டும், தக். டீச்சர் முகம் மாறியது. தோள் பின்னால் போனது. நாடி நிமிர்ந்தது. இடது காலைத் தூக்கி வைத்தார், பிறகு வலது. அறையின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை ஒரு தடவையும் நிற்காமல் போனார். திரும்பும்போதுதான் சற்றுத் தடுமாறினார்.

“பாட்டரி போட்டது எனக்கா, அதுக்கா?” என்று கேட்டார் மூச்சு வாங்க.

அந்தக் கிழமையிலிருந்து நாங்கள் இருவரும் அந்தத் திருகுக்கு அடிமையானோம். ஒவ்வொரு செவ்வாயும் ஒரு வேகம். ஒரு நாள் அமைப்பைச் சேமிக்காமல் அணைத்துவிட்டேன். அடுத்த முறை போட்டபோது கருவி தன்னுடைய சொந்த எண்ணான நூற்றிருபதில் கிளம்பியது. டீச்சர் ஓர் அடி வைத்துவிட்டுக் கையைத் தூக்கி நிறுத்தினார். “பஸ்ஸுக்கு நேரமாகிட்டா மகள்?” அதன்பின் சேமித்தேனா என்று இரண்டு தரம் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. மேளத்தைப் பதிவுசெய்து அவர் ஃபோனுக்கும் அனுப்பினேன். வீட்டில் சமையலறைக்கும் விறாந்தைக்கும் நடுவில் அதைப் போட்டுக்கொண்டு நடந்தார். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, என்ன, வீட்டில் பெரஹர ஊர்வலமா என்று கேட்டாராம்.

வாசல்களும் மெல்ல மெல்ல வசப்பட்டன. எல்லா நாளும் இல்லை. மாத்திரையின் பலன் இறங்கும் நேரத்தில் எந்த மேளத்தாலும் ஒன்றும் நடக்காது. அப்போது கதிரையில் உட்கார்ந்து, அணிவகுப்பில் யார் யாருக்கு எந்த வருடம் அடி தப்பியது என்று கதை சொல்வார்.

மூன்றாவது மாதம் ஒரு செவ்வாய் உள்ளே வரும்போதே கையில் ஒரு கடிதம். பழைய பாடசாலையின் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு அவரைப் பிரதம விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்கள். வாசலிலிருந்து மரியாதை மேடை வரை பாண்ட் வாத்தியம் முன்னே போக, விருந்தினர் பின்னே நடந்து போக வேண்டும்.

“வீல் செயார் தரட்டுமாண்டு கேட்டாங்க,” என்றார். “வேணாண்டு சொல்லிட்டேன். நடக்கிறேண்டு சொல்லிட்டேன். இப்ப நீங்கதான் நடத்தணும்.”

“எத்தனை நாள் இருக்கு டீச்சர்?”

“அஞ்சு கெழம. முப்பத்தஞ்சு நாள்.”

முதல் ஒத்திகைக்கு நானும் கம்பளைக்குப் போனேன். மைதானத்தில் பாண்ட் நின்றது: மேளங்கள், தாளங்கள், மெலோடிகா ஊதும் ஒரு வரிசை, எல்லாம் பெண் பிள்ளைகள். பொறுப்பாக இருந்தவர் ஓர் இளம் சங்கீத ஆசிரியை. மேளம் ஆரம்பித்ததும் நான் ஃபோனில் தட்டித் தட்டி அளந்தேன். நூற்றுப்பதினாறு.

டீச்சர் மூன்று அடி வைத்தார். நான்காவதில் கால் ஒட்டியது. பாண்ட் போய்க்கொண்டே இருந்தது. கார்ட் ஐயா ஓடிப்போய் முழங்கையைப் பிடித்தார். டீச்சர் மைதான ஓரத்துக் கதிரையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, தூரத்தில் போகும் பாண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வேகத்தை எண்பத்தெட்டுக்குக் குறைக்க ஏலுமா?” என்று சங்கீத ஆசிரியையிடம் கேட்டேன்.

அவர் நல்லவர், ஆனால் கவலையோடு தலையசைத்தார். “பிள்ளைகள் ரெண்டு வருசமா இந்த வேகத்துலதான் பழகியிருக்காங்க மிஸ். மெதுவாக்கினா மேளம் முன்னால ஓடிரும், மெலோடிகாவுக்கு மூச்சுப் பத்தாது. முந்தி ஒருக்காப் பாத்தோம், சரிவரல்ல.”

“அப்ப எவ்வளவு குறைக்கலாம்?”

“தெரியல்ல மிஸ். கொஞ்சம்.”

வீட்டுக்கு வரும் வழியில் கணவர்தான் கார் ஓட்டினார். பேராதனைக்குக் கிட்ட நெரிசலில் நின்றபோது நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு ஸ்டியரிங்கில் விரலால் தட்டினார்.

“பெரிய குழாய்ல தண்ணி வேகத்தைத் திடீர்னு குறைச்சா குழாய் வெடிக்கும்ங்க. கொஞ்சம் கொஞ்சமா இறக்குவோம். ஒருத்தருக்கும் தெரியாது.”

என் கிளொக்கில் அதுவரை நான் தொடாத ஒரு பக்கம் இருந்தது. அதில் நான்கு இடங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேகமும், அந்த வேகத்தில் எத்தனை அடி என்றும் எழுதி வைக்கலாம். ஒன்று முடிந்ததும் நிற்காமல் அடுத்ததற்குப் போகும். அன்று சாப்பாட்டு மேசையில் பெட்டியைப் பரப்பி, அந்தப் பக்கத்தைத் திறந்தேன். பாண்டுக்கு ஒரு நிரல்: நூற்றுப்பதினாறு, நூற்றுப்பன்னிரண்டு, நூற்றெட்டு, நூற்றுநான்கு, ஒவ்வொன்றும் மைதானத்தை ஒரு சுற்று வரத் தேவையான அடிகள். டீச்சருக்கு இன்னொன்று: எண்பத்தெட்டு, தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்றாறு, நூறு, ஒவ்வொன்றும் அறுபத்துநான்கு அடி. ஒருவர் இறங்கி வர, மற்றவர் ஏறி வர, நூறில் சந்திக்கலாமா என்று பார்ப்போம். முதலாவதை ஒன்றாம் எண்ணிலும் இரண்டாவதை இரண்டாம் எண்ணிலும் சேமித்தேன். சேமித்ததா என்று இரண்டு தரம் பார்த்தேன்.

அடுத்த சனிக்கிழமை பாடசாலை அலுவலகத்திலிருந்து நீண்ட வயர் இழுத்து, மைதான ஓரத்தில் மேசை போட்டு, ஒலிபெருக்கியோடு என் பெட்டியை வைத்தோம். பிள்ளைகள் வயர்க் காட்டைச் சுற்றி நின்று பார்த்தார்கள். “இது குண்டு இல்லைதானே மிஸ்?” என்று ஒருத்தி கேட்டாள். மற்றவர்கள் அவளை அடித்தார்கள்.

பாண்ட் தன் வழக்கமான வேகத்தில் நடக்கத் தொடங்கியது. நான் திருகை அழுத்தினேன். எண்பத்தெட்டில் மேளம் விழுந்தது.

எண் இரண்டைப் போட்டுவிட்டிருந்தேன். முன்வரிசை சட்டென்று மெதுவாக, பின்வரிசை அதன் முதுகில் மோத, தாளத் தட்டு ஒன்று கழன்று புல்லில் உருண்டது. மெலோடிகாக்காரி ஒருத்தி ஊத வேண்டிய இடத்தில் சிரித்துவிட்டாள், அது மெலோடிகா வழியாகவே வந்தது. நான் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். பக்கத்தில் கதிரையில் இருந்த டீச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“மகள், என்ட கணக்க அவங்களுக்குக் குடுத்தா எப்படி?”

சரியான எண்ணைப் போட்டதும் வேலை நடந்தது. ஒரு சுற்றுக்கு நான்கு அடி குறைவது பிள்ளைகளுக்குத் தெரியவே இல்லை. நூற்றெட்டில் மேளம் முன்னால் ஓடப் பார்த்தது; டீச்சர் கதிரையிலிருந்தபடியே ஒரு சத்தம் போட்டார், அது திரும்பி வந்துவிட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பக்கத்து வகுப்பறைக் கட்டடத்திலிருந்து இரண்டு ஆசிரியைகள் எட்டிப் பார்த்தார்கள். அவர்கள் டீச்சரின் பழைய மாணவிகளாம். தங்களை அறியாமல் நிமிர்ந்து நின்றார்கள்.

மூன்றாம் சனிக்கிழமை நிரலை நூற்றுப்பன்னிரண்டில் தொடங்கி நூறில் முடியும்படி மாற்றினேன், பாண்ட் நூறுக்கு வந்தது. சங்கீத ஆசிரியை தன் ஃபோனில் தட்டிப் பார்த்து நம்பாமல் மறுபடி தட்டினார்.

டீச்சரின் பக்கம் அவ்வளவு இலகு இல்லை. தொண்ணூற்றாறு வரை வந்தார். நூறில் அடி குட்டையாகி, ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, முன்னால் சாயத் தொடங்குவார். நான் அறுபத்துநான்கு அடியை முப்பத்திரண்டாகக் குறைத்தேன், பிறகு பதினாறாக. நூறில் பதினாறு அடி, மறுபடி தொண்ணூற்றாறுக்கு இறக்கம், மறுபடி ஏற்றம். திருகைத் திருப்பித் திருப்பி என் கட்டைவிரல் தோல் கூடத் தடித்துவிட்டது. நான்காம் கிழமை நடைபாதையில் அவர் நூறிலேயே போய்த் திரும்பி வந்தார். வந்து நின்று, “நூறா?” என்று கேட்டார். “ஓம் டீச்சர், நூறு,” என்றேன். கார்ட் ஐயா வெளியே போய் மூன்று பேருக்கும் ஐஸ்கிறீம் வாங்கி வந்தார்.

போட்டி நாள் காலையில் மழை தூறி விட்டது. மைதானம் பளிச்சென்று இருந்தது. டீச்சர் மாத்திரையைக் கணக்குப் பார்த்துப் போட்டிருந்தார். கடுநீலச் சேலை, அதே நிறத்தில் ஸ்கார்ஃப். காதில் போட நான் ஃபோனும் இயர்ஃபோனும் கொண்டுபோயிருந்தேன்.

“வேணாம்,” என்றார். “பாண்ட் ஈக்கக்கொள்ள காதுல என்னத்துக்கு?”

ஐந்து கிழமையாகக் கையில் இருந்த வேகம் இனி என் கையில் இல்லை. என் பெட்டி குண்டசாலையில் அணைத்துக் கிடந்தது. மைதான ஓரத்தில் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பாண்ட் ஆரம்பித்தது. என் காலால் நிலத்தில் தட்டிப் பார்த்தேன். நூறு. ஒரு மயிரளவு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. டீச்சர் நடந்தார். தோள் பின்னால், நாடி மேலே. கார்ட் ஐயா இரண்டு அடி பின்னால். பத்து அடி, இருபது, முப்பது. கொட்டகையில் இருந்த பெற்றோர் கை தட்டத் தொடங்கினார்கள்.

மேடைக்குக் கிட்டப் புதிதாக ஒரு வளைவு கட்டியிருந்தார்கள். இல்லங்களின் நிறத்தில் கடதாசிப் பூக்கள், இரண்டு பக்கமும் கம்பம். ஒத்திகையில் அது இருக்கவில்லை. நான் அதைக் கண்டபோது பாண்ட் அதற்குள் நுழைந்துகொண்டிருந்தது. வளைவு என்பதும் ஒரு வாசல்தான்.

டீச்சர் வளைவுக்கு ஓர் அடி முன்னால் நின்றுவிட்டார். கால் ஒட்டியது எனக்குத் தூரத்திலேயே தெரிந்தது. கார்ட் ஐயாவின் கை முன்னால் போனது.

அப்போது டீச்சரின் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது.

“பாண்ட், மார்க் டைம்!”

நின்ற இடத்திலேயே கால் மாற்றச் சொல்லும் கட்டளை அது. முப்பது பிள்ளைகளும் ஒரே நேரத்தில் நின்று, மேளம் விடாமல், இடத்திலேயே காலைத் தூக்கித் தூக்கி வைத்தார்கள். கார்ட் ஐயாவும் கையை இழுத்துக்கொண்டு கால் மாற்றினார். கொட்டகையில் இருந்தவர்கள் இது நிகழ்ச்சியில் உள்ளதுதான் என்று நினைத்து இன்னும் பலமாகக் கை தட்டினார்கள். டீச்சர் அசையாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் வாய்க்குள் எண்ணினேன். நாலு. ஆறு. எட்டு. பெரிய மேளம் விழுந்தபோது அவருடைய இடது குதிகால் எழும்பியது.

“முன்னே செல்!”

வளைவைத் தாண்டி அவர் போனபோது என் கணவர் என் காதில் ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தேன். மேடையில் ஏறி மரியாதையை ஏற்றார். வலது கை நடுங்கியதால் இடது கையால் அதன் முழங்கையைத் தாங்கிக்கொண்டார். பேச்சு இரண்டே வசனம். “பிள்ளைகள், அடி நல்லா ஈந்திச்சு. நீல இல்லத்துல ரெண்டாவது வரிசை மட்டும் கை வீச்சு பத்தாது.” அவ்வளவுதான்.

பிறகு தேநீர் மேசையில் என்னைக் கிட்ட இழுத்து ரகசியமாகக் கேட்டார். “அந்த எட்டு அடியும் நான் வேணுமெண்டு செஞ்ச மாதிரிதானே ஈந்திச்சு?”

“ஓம் டீச்சர். ஒருத்தருக்கும் விளங்கேல்லை.”

“உங்களுக்கு?”

“எனக்கு விளங்கினது.”

“இவருக்கும் வெளங்கிட்டு,” என்றார் தன் கணவரைக் காட்டி. “கிட்ட ஈந்தும் புடிக்கல்ல பாத்தீங்களா. நல்ல மனிசன்.” கார்ட் ஐயா ரோல்ஸைக் கடித்தபடி வேறு பக்கம் பார்த்தார்.

நோய் அதன் பாட்டில் இருக்கிறது. டீச்சர் இப்போதும் செவ்வாய்க்கிழமைகளில் வருகிறார். நூறு வரும் நாளும் உண்டு, தொண்ணூற்றிரண்டோடு நிறுத்திக்கொள்ளும் நாளும் உண்டு. சங்கீத ஆசிரியை என்னிடமிருந்து அந்த இறங்கு நிரலின் பதிவைக் கேட்டு வாங்கினார். மெதுவாக அடித்தால் பாண்ட் இன்னும் நன்றாகக் கேட்கிறதாம். அடுத்த வருடமும் நூறுதானாம்.

நிலையத்தில் கதை பரவி, போன மாதம் தெல்தெனியவிலிருந்து ஒரு பெரியவர் அதே நோயோடு வந்தார். முன்பு தனியார் பஸ் ஓட்டியவர். அளந்து பார்த்து எண்பத்துநான்கில் வைத்து, டும் தக் போட்டேன். முகத்தைச் சுளித்தார்.

“மேளம் எனக்குச் சரிவராது மிஸ். ஹோர்ன் இருக்கா?”

இரண்டு நாள் எடுத்தது. இடது காலுக்கு ஒரு சுரம், வலது காலுக்கு அதைவிடச் சற்று மேலே இன்னொன்று, இரண்டிலும் கொஞ்சம் கரகரப்பு. நேற்று அதைப் போட்டபோது அவர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு கையை முன்னால் நீட்டி, இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, பாம்ப் பீம்ப், பாம்ப் பீம்ப் என்ற சத்தத்தில் நடைபாதையின் கடைசி வரை போனார். திரும்பும் இடத்தில் நிற்கவில்லை. ஸ்டியரிங்கை வெட்டி வளைத்துக்கொண்டு வந்தார். பக்கத்து அறையிலிருந்த பல் வைத்தியர் கதவைத் திறந்து, பஸ் எதுவும் உள்ளே வந்துவிட்டதா என்று பார்த்தார்.